இரண்டு நாளில் தஞ்சாவூர்: நடை சாத்தும் நேரத்தை வைத்துத் திட்டம் போடுங்கள்

கேள்வி இதுதான்: சென்னையிலிருந்து வயதான பெற்றோர், பத்து வயது மகனுடன் இரண்டு நாள் தஞ்சாவூர் வருகிறோம். பெரிய கோயில் தவிர என்ன பார்க்கலாம், எந்த வரிசையில் போகலாம், என்ன வாங்கலாம், என்ன சாப்பிடலாம்?

"பெரிய கோயில் தவிர" என்பதிலிருந்தே தொடங்குகிறேன். தஞ்சாவூர் வருபவர்களில் பெரும்பாலானோர் பெரிய கோயிலில் செலவிடுவது முக்கால் மணி நேரம். அதில் பாதி தரிசன வரிசை, மீதி நந்தி முன்னால் போட்டோ. பிறகு சுற்றுவட்டாரத்தில் எட்டு கோயில் பட்டியல் போட்டு ஓடுகிறார்கள். மாலையில் எந்தக் கோபுரம் எந்த ஊர் என்றே நினைவிருக்காது. பெரிய கோயிலுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கிவிட்டு மற்றதைக் குறையுங்கள்.

அடுத்தது கடிகாரம். பெரிய கோயில் காலை 6 முதல் பகல் 12.30 வரை, மாலை 4 முதல் இரவு 8.30 வரை. சுற்றுவட்டாரக் கோயில்களும் ஏறத்தாழ இப்படித்தான். சில 12 மணிக்கே சாத்திவிடும். ஆகவே நண்பகல் 12 முதல் 4 வரை கோயில் என்ற கணக்கே வேண்டாம். அந்த நேரம் அரண்மனைக்கும் பட்டறைகளுக்கும் சாப்பாட்டுக்கும். இதைத் தெரியாமல் காலையில் அரண்மனையைப் பார்த்துவிட்டு 12.45க்குக் கோயில் வாசலில் வந்து நிற்கும் குடும்பங்களை எந்த நாளும் பார்க்கலாம். இன்னொன்று: அரண்மனையிலுள்ள சரசுவதி மகால் அருங்காட்சியகத்துக்குப் புதன்கிழமை விடுமுறை. உங்கள் இரண்டு நாளில் ஒன்று புதனாக இருந்தால் அரண்மனையை மற்ற நாளுக்குத் தள்ளுங்கள்.

வருவதற்கு உழவன் விரைவு ரயில் வசதி. இரவு எழும்பூரில் ஏறினால் விடியலில் தஞ்சாவூர். பகலில் வருவதென்றால் சோழன்; கும்பகோணம் வழியாக வயலும் வாய்க்காலும் பார்த்துக்கொண்டு வரலாம். தங்குமிடத்தைப் பழைய பேருந்து நிலையம், ரயில் நிலையம் பக்கம் எடுங்கள். புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பெயரை நம்பி அங்கே அறை போட்டால் ஒவ்வொரு முறையும் ஆட்டோவுக்குத் தண்டம். ஆட்டோவில் ஏறுமுன் கூலி பேசிவிடுங்கள். "பார்த்துக் கொடுங்க" என்றால் இறங்கும்போது வாக்குவாதம்தான்.

முதல் நாள் காலை 6.30க்குக் கோயிலில் இருங்கள். கோயில் கிழக்குப் பார்த்தது. காலை வெயில் விமானத்தின் முகத்தில் விழும், தரையும் சுடாது. பத்து மணிக்கு மேல் பங்குனி, சித்திரையில் அந்தக் கல்தளத்தில் வெறுங்காலோடு நடப்பது பெரியவர்களுக்கு முடியாத காரியம். பாய் விரித்திருக்கும் இடங்களும் உண்டு, எல்லா இடத்திலும் இல்லை. பருத்திக் காலுறை கொண்டுவருவது நல்லது. செருப்பை வாசல் அருகே உள்ள காப்பிடத்தில் விடலாம்.

உள்ளே போகும்போது முதலில் கடப்பது மராட்டியர் கால வளைவு. அதைத் தாண்டித்தான் ராஜராஜனின் இரண்டு வாயில்கள்: ஐந்து நிலைக் கேரளாந்தகன் திருவாயில், அதற்குள் மூன்று நிலை ராஜராஜன் திருவாயில். இரண்டாவது வாயிலின் அடித்தளத்தில் கண்மட்டத்துக்குக் கீழே சிறு சிறு சிற்பத் தொகுதிகள் ஓடுகின்றன. சிவன் பார்வதி திருமணம், மார்க்கண்டேயர், அர்ச்சுனன் பாசுபதம் பெறுவது எல்லாம் அதில் உண்டு. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பதால் இவற்றைத் தவற விடுகிறார்கள். பையனை இங்கே உட்கார வைத்துக் கதையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கோயிலின் துவாரபாலகர்களையும், அதாவது வாயிற்காவலர் சிலைகளையும், சும்மா கடக்க வேண்டாம். ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும் சிற்பத்தைத் தேடுங்கள். யானையே பாம்பின் வாய்க்குள் போகிறதென்றால் பாம்பு எத்தனை பெரிது, அந்தப் பாம்பே சிறிதாகத் தெரிகிறதென்றால் காவலர் எத்தனை பெரியவர் என்பது சிற்பி போட்ட கணக்கு.

முன்னால் நிற்கும் பெரிய நந்தி ராஜராஜன் வைத்ததல்ல, நாயக்கர் காலத்தது. பழைய சோழ நந்தி, முற்றத்தைச் சுற்றி ஓடும் தூண் மண்டபமான திருச்சுற்று மாளிகையின் தெற்குப் பக்கத்தில் இருக்கிறது. "நந்தி வளர்ந்துகொண்டே போனதால் முதுகில் ஆணி அடித்தார்கள்" என்று கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். நிழல் கீழே விழாது என்பதும் அப்படித்தான். காலையில் விமானத்துக்கு மேற்கே போய் நின்றால் அதன் நிழலிலேயே நிற்பீர்கள். உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல் என்பதும் நிலைக்காது, சிகரம் பல கற்களைச் சேர்த்து அமைத்தது. இந்தக் கதைகள் இல்லாமலே கோயில் அதிசயம்தான். அருகில் பாறை மலையே இல்லாத ஆற்றுச் சமவெளியில் இத்தனை கருங்கல்லைக் கொண்டுவந்து, 216 அடி என்று சொல்லப்படும் விமானத்தை எழுப்பி, தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010இல், ராஜராஜன் தூபிக்குப் பொன் வேய்ந்த செப்புக்குடம் கொடுத்திருக்கிறான். நாள் கணக்கோடு கல்லிலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள்.

அந்தக் கல்வெட்டுகள்தான் இந்தக் கோயிலில் மிகவும் அலட்சியப்படுத்தப்படும் பொருள். விமானத்தின் அடித்தளம் முழுக்க எழுத்து. "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று அரசன் வாய்மொழியாகச் சொன்னதும் அதில் இருக்கிறது. அக்கன் என்பது குந்தவை. தனக்கு அடுத்த இடத்தில் அக்காவை வைத்து, பிறகுதான் மனைவியர், மற்றவர். கோயிலைக் கட்டிய தலைமைத் தச்சன் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயரும் கல்லில் ஏறியிருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், 400 பேரின் பெயர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்ற பட்டியல் வடக்குத் திருச்சுற்றின் வெளிச்சுவரில் உள்ளது. ஒருவருக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல்.

தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் இந்த எழுத்தில் கொஞ்சம் பிடித்துவிடலாம். ட, ப, வ போன்றவை இன்றைய வடிவத்துக்கு நெருக்கம். புள்ளி கிடையாது, ஆகவே மெய்யா உயிர்மெய்யா என்பதைச் சொல்லை வைத்து ஊகிக்க வேண்டும். ஸ்ரீ, ராஜ போன்ற இடங்களில் கிரந்த எழுத்து கலந்து வரும். வெயில் சாய்வாக விழும் காலை 8 மணிக்கு முன்போ மாலை 4.30க்குப் பிறகோதான் வெட்டுத் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் எழுத்து தட்டையாகி மறைந்துவிடும். சுண்ணாம்பு, சாக்பீஸ் எதையும் தடவ வேண்டாம். அது கல்லைக் கெடுக்கும், தொல்லியல் துறைக் காவலரும் விடமாட்டார்.

வலமாகச் சுற்றுங்கள். விமானச் சுவரில் கோட்டங்கள், அதாவது சிலை வைக்கும் மாடங்கள், இரண்டு வரிசை. கீழ் வரிசையில் பிட்சாடனர், காலாந்தகர், ஆடல்வல்லான், லிங்கோத்பவர், அர்த்தநாரி என்று வெவ்வேறு மூர்த்தங்கள். மேல் வரிசையைப் பாருங்கள்: முப்புரம் எரித்த, வில்லேந்திய திரிபுராந்தகர் மட்டும் திரும்பத் திரும்ப. போர் வென்று பேரரசு கட்டியவன் தன் கோயிலில் எந்தச் சிவனைப் பெருக்கினான் என்பதற்கு விளக்கம் வேறு வேண்டியதில்லை. தென்மேற்கு மூலையில் பிள்ளையார் சன்னதிப் பக்கம் சுவரில் நீண்ட மராத்திக் கல்வெட்டு. தன் போன்ஸ்லே குல வரலாற்றை 1803இல் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி வெட்டவைத்தது. வடமேற்கில் சுப்பிரமணியர் சன்னதி நாயக்கர் காலம். அங்கே தூணும் சாளரமும் கல்லா மரமா என்று கேட்க வைக்கும். விமானத்தைப் பார்த்த கண்ணோடு உடனே இங்கே வந்தால், சோழர் பிரம்மாண்டத்துக்குச் செலவழித்ததை நாயக்கர் நுணுக்கத்துக்குச் செலவழித்தது புரியும். வடபக்கத்தில் விமானத்தின் மேல்நிலையில் தொப்பி போட்ட ஐரோப்பிய உருவம் ஒன்று உண்டு. பையனுக்குத் தேடுதல் வேலை கொடுக்கலாம். சோழர் வைத்தது அல்ல, பிற்காலச் சேர்க்கை. அதை வைத்து வெள்ளைக்காரன் வருவான் என்று ராஜராஜனுக்கு முன்பே தெரியும் என்பவர்களை நம்ப வேண்டாம்.

பார்க்க முடியாதவையும் இரண்டு. கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் உள்ள சோழர் ஓவியங்களும், அதற்கு மேல்தளத்தில் உள்ள கரணச் சிற்பங்களும் (கரணம் என்பது நாட்டிய நிலை) பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. ஓவியங்கள் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்து 1931இல் வெளிப்பட்டவை. 108 கரணங்களில் 81 மட்டும் செதுக்கி, மீதி 27க்குக் கல் அப்படியே வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. சிறப்பு அனுமதி வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வளாகத்திலேயே தொல்லியல் துறைக் காட்சிக்கூடத்தில் ஓவியங்களின் பிரதிகளைப் பார்க்கலாம். திருச்சுற்று மாளிகையில் லிங்கங்களுக்குப் பின்சுவரில் மராட்டியர் காலத் திருவிளையாடல் ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க அனுமதியும் தேவையில்லை, கூட்டமும் இல்லை.

தரிசனத்துக்கு ஏறும் படிகள் உயரமானவை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு முதலிலேயே, வரிசை குறைவாக இருக்கும்போதே, தரிசனத்தை முடித்துவிட்டு மற்றதை நிதானமாகச் சுற்றுங்கள். பிரதோஷ நாளில் மாலை நந்திக்கு அபிஷேகம் நடக்கும்போது முற்றம் நிரம்பிவிடும். அந்தக் கூட்டமே வேண்டுமென்றால் அன்று வாருங்கள். சிற்பம் வேண்டுமென்றால் அந்த மாலையைத் தவிருங்கள். ஐப்பசி சதயத்தில் ராஜராஜன் பிறந்தநாள் விழா. மாட்டுப் பொங்கலன்று நந்திக்குக் காய்கனி அலங்காரம். இரண்டுக்கும் அறை முன்கூட்டிப் போடாவிட்டால் கிடைக்காது.

கோயிலுக்கு வடக்கே சிவகங்கைக் குளத்தை ஒட்டி ஷ்வார்ட்ஸ் தேவாலயம். 1779இல் கட்டியது. உள்ளே பளிங்குப் புடைப்புச் சிற்பம் ஒன்று: மரணப் படுக்கையில் பாதிரியார் ஷ்வார்ட்ஸ், அருகே அவர் கையைப் பிடித்தபடி சரபோஜி. லண்டனில் சிற்பி ஃபிளாக்ஸ்மேனிடம் சொல்லிச் செய்வித்தவர் சரபோஜியே. திறந்திருந்தால் பத்து நிமிடம் போதும்.

பகல் 11 மணிக்கு அரண்மனை. இங்கே குழப்பம் ஒன்றுதான்: ஒரே வளாகம், ஆனால் தர்பார் மண்டபம், கலைக்கூடம், சரசுவதி மகால் என்று தனித்தனி நிர்வாகம், தனித்தனி டிக்கெட். முதல் கவுன்டரில் வாங்கிய டிக்கெட் எல்லாவற்றுக்கும் செல்லும் என்று நினைத்து உள்ளே போய்த் திரும்பி வருவது வழக்கம். நேரம் குறைவென்றால் கலைக்கூடத்தை எடுங்கள், மற்றதை விடுங்கள்.

கலைக்கூடத்தில் சோழர் செப்புத் திருமேனிகள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றன. திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர், அதாவது காளையோடு நிற்கும் சிவன், முன்னால் பத்து நிமிடமாவது நில்லுங்கள். 1011ஆம் ஆண்டுப் படிமம். காலைக் குறுக்கே மாற்றி வைத்து, வலக்கையை ஏதோ ஒன்றின் மேல் சாய்த்தபடி நிற்கிறார். அவர் சாய்ந்திருந்த காளை இன்று இல்லை. காளை இல்லாமலே அந்தக் கை காற்றில் சாய்ந்து நிற்பதுதான் பார்க்க வேண்டியது. எடை எங்கே இறங்குகிறது என்று இடுப்பிலும் முழங்காலிலும் தெரியும். தலையில் பாம்புகளையும் சடையையும் சேர்த்துச் சுற்றிய தலைப்பாகை. பின்பக்கம் போய்ப் பார்த்தால்தான் அது எப்படி முடிந்திருக்கிறது என்று புரியும். பக்கத்தில் தேவி. அதே திருவெண்காட்டுப் பிட்சாடனரும் கல்யாணசுந்தரரும் இங்கேதான். ஒரே ஊர், ஒரே நூற்றாண்டு, ஆனால் ஒன்றுபோல் ஒன்று இல்லை.

பையனுக்கு இதே வளாகத்தில் திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறது. சரசுவதி மகால் அருங்காட்சியகத்தில் விலங்கு முகமும் மனித முகமும் ஒப்பிட்டு வரைந்த பிரெஞ்சு ஓவியர் லெ புருனின் படங்கள் உண்டு. ஆந்தை போன்ற ஆள், ஆடு போன்ற ஆள் என்று குழந்தைகள் நகரமாட்டார்கள். நூலகத்தின் ஓலைச்சுவடிகள் பல்லாயிரம், ஆனால் அவை ஆய்வாளர்களுக்கு. நீங்கள் காண்பது முன்னறையில் வைத்த சிறு காட்சி மட்டும். சரபோஜி கண்நோயாளிகளுக்குச் செய்வித்த சிகிச்சைக் குறிப்புகள், கண்ணின் படங்களோடு, இந்த நூலகத்தின் சொத்து.

மாலை 4 மணிக்குமேல் அரண்மனையிலிருந்து கிழக்கே பீரங்கிமேட்டுக்குப் போகலாம். ரகுநாத நாயக்கர் காலத்து ராஜகோபால பீரங்கி, சுமார் 26 அடி நீளம், 22 டன் எடை. உருக்கி வார்த்ததல்ல என்பதுதான் விஷயம். நீள இரும்புப் பட்டைகளை உருளையாக அடுக்கி, காய்ச்சிய இரும்பு வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏற்றி அடித்துச் சேர்த்திருக்கிறார்கள். வாய்ப்பக்கம் குனிந்து பார்த்தால் பட்டையும் வளையமும் தனித்தனியே தெரியும். நானூறு ஆண்டு வெட்டவெளியில் கிடக்கிறது. அங்கிருந்து மேல வீதி வந்தால் பங்காரு காமாட்சி கோயில், கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரிகள் பூசை செய்த இடம். பரதநாட்டியத்துக்கு இன்றைய மேடை வரிசையை அமைத்துக் கொடுத்த தஞ்சை நால்வரும் இதே வீதியில்தான் வாழ்ந்தார்கள். பெற்றோருக்கு நடக்க முடிந்தால் நான்கு ராஜ வீதிகளையும் மாலையில் ஒரு சுற்று வரலாம். இல்லையென்றால் விளக்கு போட்டபின் பெரிய கோயில் முற்றத்திலேயே உட்காருங்கள். ஊர்க்காரர்கள் செய்வதும் அதுதான்.

இரண்டாம் நாளுக்குக் கார் பேசிக்கொள்ளுங்கள். வட்டமாகப் போய் வரும் பாதை இது: கும்பகோணம் சாலையில் கிளம்பி பாபநாசம், தாராசுரம், கும்பகோணம், திரும்பும்போது சுவாமிமலை, திருவையாறு, தஞ்சாவூர். போன வழியே திரும்ப வேண்டியதில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தையும் இதில் திணிக்கலாம் என்று ஓட்டுநர் சொல்வார். கும்பகோணத்திலிருந்து போக மட்டும் 35 கிலோமீட்டர். சண்டேசருக்குச் சிவன் பூமாலை சூட்டும் அந்தச் சிற்பத்துக்காக அது தனி நாளுக்குத் தகுதியான இடம், திணிக்க வேண்டாம்.

பாபநாசம் அருகே திருப்பாலைத்துறைக் கோயில் வளாகத்தில் நாயக்கர் கால நெற்களஞ்சியம் ஒன்று நிற்கிறது, சுமார் 36 அடி உயரம், கூம்பு போன்ற மேற்கூரை. வெவ்வேறு உயரத்தில் வாசல்கள் இருப்பதைக் கவனியுங்கள். நெல் இறங்க இறங்கக் கீழ் வாசலைத் திறப்பார்கள். பதினைந்து நிமிடம்.

தாராசுரத்துக்கு 8 மணிக்குள் சேருங்கள். இரண்டாம் ராஜராஜன் எடுத்த ஐராவதேசுவரர் கோயில், பெரிய கோயிலைவிட ஒன்றரை நூற்றாண்டு பிந்தியது, அளவில் சிறியது, வேலைப்பாட்டில் பெரியது. முன்மண்டபம் சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர். பலிபீடத்தருகே உள்ள இசைப்படிகளை இரும்பு வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். காசு கொடுத்தால் தட்டிக் காட்டுகிறேன் என்பவரை ஊக்குவிக்காதீர்கள், தட்டித் தட்டித்தான் அடைக்க நேர்ந்தது. காளைக்கும் யானைக்கும் ஒரே தலையாக அமைந்த சிற்பத்தைப் பையனிடம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கையால் ஒரு உடலை மறைத்தால் மற்றது வரும். பெரியவர்களுக்குப் பெரியபுராணம் தெரியுமென்றால் விமானத்தின் அடிச்சுவரோடு அவர்களை அழைத்துச் செல்லுங்கள். நாயன்மார் கதைகள் சிறு சிறு புடைப்புச் சிற்பங்களாக, பெயரும் வெட்டி, வரிசையாக ஓடுகின்றன. சேக்கிழார் காலத்தை ஒட்டியே செதுக்கியவை. உயரம் ஒரு சாணுக்குச் சற்றே மேல் என்பதால் குனிந்துதான் பார்க்க வேண்டும். மடக்கு நாற்காலி ஒன்று காரில் இருந்தால் அப்பா அம்மா வாழ்த்துவார்கள். மழைக்காலத்தில் இந்த வளாகம் சுற்றியுள்ள தரையைவிடத் தாழ்வாக இருப்பதால் நீர் தேங்கும். கார்த்திகையில் வந்தால் வேட்டியை மடித்துக் கட்ட நேரலாம்.

கும்பகோணத்தில் சாப்பாடு. காலை டிபன் நேரத்தில் அங்கே இருக்க நேர்ந்தால் கடப்பா கேளுங்கள்: பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், பச்சைமிளகாய், சோம்பு அரைத்து விட்டது. இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் சாம்பாரை மறக்கடிக்கும். எல்லா நாளும் போடமாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை கிடைக்க வாய்ப்பு அதிகம். நெடுஞ்சாலை ஓரத்தில் பித்தளை டபரா படம் போட்ட "கும்பகோணம் டிகிரி காபி" பலகைகளுக்கும் கும்பகோணத்துக்கும் பெரிய உறவில்லை. பித்தளை டபரா காபியை நன்றாக்காது. தண்ணீர் கலக்காத பாலும், அன்று இறக்கிய முதல் டிகாக்‌ஷனும்தான் வேண்டும். ஊருக்குள் கூட்டமுள்ள பழைய ஓட்டலில் காலை நேரத்தில் குடியுங்கள். பகல் மூன்று மணிக்கு எங்கே குடித்தாலும் இரண்டாம் டிகாக்‌ஷனாக இருக்கும். சாப்பாட்டுக்குப் பின் கும்பகோணம் கொழுந்து வெற்றிலை ஒரு கவுளி வாங்கி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள்.

பகல் 2 மணிக்குச் சுவாமிமலை. கோயில் நடை சாத்தியிருக்கும், அது பரவாயில்லை. அறுபது தமிழ் ஆண்டுகளுக்கு அறுபது படி ஏற வேண்டிய கோயில், பெற்றோர் கட்டாயம் தரிசிக்க வேண்டும் என்றால் நாலு மணிவரை காத்திருக்கலாம். நாம் வந்தது சிற்பப் பட்டறைக்கு. முதல் நாளே போன் செய்து "நாளை உலோகம் ஊற்றுகிறீர்களா?" என்று கேளுங்கள். தினமும் ஊற்றமாட்டார்கள், சொல்லாமல் போனால் அரம் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டுத் திரும்புவீர்கள்.

வேலை நடக்கும் விதம் இது. மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிப் பதமாக்கிய கலவையில் உருவத்தைச் செய்கிறார்கள். தலை, உடல், கை தனித்தனியாகச் செய்து சூடான கத்தியால் ஒட்டுகிறார்கள். அளவுக்குத் தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்துத் தாளக் கணக்கு, அதாவது சிலையின் உறுப்பு அளவுக் கணக்கு. பிறகு சலித்த காவிரி வண்டல் மண்ணை மெல்லப் பூசி நிழலில் காயவைப்பார்கள். விரல் நகத்தின் கோடுவரை பதிவது இந்த முதல் பூச்சில்தான். இது வெயிலில் காய்ந்தால் வெடிக்கும், வெடித்த இடமெல்லாம் படிமத்தில் பிசிறாக வரும். மேலே முரட்டு மண் இரண்டு பூச்சு, கம்பி கட்டு. வறட்டி அடுக்கிச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். மெழுகை முன்பே எடை போட்டிருப்பதால் எத்தனை உலோகம் உருக்க வேண்டும் என்பது தெரியும், ஏறத்தாழ எட்டு, ஒன்பது மடங்கு. அச்சு சூடாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். ஆறிப்போன அச்சில் உலோகம் பாதி வழியில் உறைந்து விரல் நுனி வராமல் போகும். ஆறியபின் மண்ணை உடைத்தால் படிமம். அச்சு போயிற்று, ஆகவே அதே படிமம் இன்னொன்று கிடையாது. வேலையில் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான்: உளி, அரம், கடைசியில் கண் திறப்பது.

வாங்குவதென்றால் கையில் தூக்கிப் பாருங்கள். சுவாமிமலைப் படிமம் உள்ளே கெட்டி, அளவுக்கு மீறிக் கனக்கும். லேசாக இருந்தால், பக்கவாட்டில் நேர்கோட்டில் இணைப்புத் தடம் இருந்தால், அது வேறு ஊரிலிருந்து வந்த மணல் வார்ப்பு. வெளிநாட்டு உறவினருக்கு வாங்கினால், இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொள்வது அவசியம். 1972 சட்டப்படி தொன்மையான சிலையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது, விமான நிலையத்தில் புதியது எது பழையது எது என்று அதிகாரியிடம் வாதாட முடியாது. சான்றுக்கு நாளாகும், புறப்படும் நாளன்று வாங்காதீர்கள்.

தஞ்சாவூரில் வாங்குவதில் ஏமாற்றம் அதிகம் நடப்பது ஓவியத்தில். பலகை மேல் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் குழைத்து மேடாக்கி, கல் பதித்து, தங்க இழை ஒட்டுவது முறை. தங்க இழைக்குப் பதில் பொன்னிறத் தகடு ஒட்டினால் முதல் நாள் இன்னும் பளபளப்பாகவே இருக்கும். சில ஆண்டுகளில் கறுக்கும். உண்மைத் தங்கம் கண்ணைப் பறிக்காது, மங்கிய மஞ்சளாக அமைதியாக இருக்கும். எத்தனை காரட் தங்கம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடை. விலை ஒப்பிட முதலில் காந்திஜி சாலைப் பூம்புகார் விற்பனை நிலையம் போய்ப் பார்த்துவிட்டு மற்ற கடைகளுக்குப் போங்கள். தலையாட்டிப் பொம்மை வாங்கினால் தலை, உடல், பாவாடை தனித்தனியே ஆடுகிறதா என்று தட்டிப் பாருங்கள். பேப்பர் கூழில் செய்தது லேசாக இருக்கும், பிளாஸ்டிக் நகலைத் தட்டினால் சத்தமே காட்டிக்கொடுக்கும். ராஜா ராணி பொம்மையைச் சாய்த்து விட்டால் நேராக நிமிர வேண்டும். பாதியில் நின்றால் அடியில் களிமண் எடை கோணலாக அமைந்திருக்கிறது, வேறொன்று எடுங்கள்.

சுவாமிமலையிலிருந்து திருவையாறு 4.30க்குச் சேர்ந்தால் சரி. ஐயாறப்பர் கோயில் தெற்குப் பிராகாரத்தில் ஓரிடத்தில் நின்று "ஐயாறா" என்று கூப்பிட்டால் எதிரொலி திரும்பத் திரும்ப வரும். இடத்தைக் கோயிலில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள், பையன் விடமாட்டான். ஆற்றங்கரையில் தியாகராஜர் சமாதி. 1920களில் அதற்குக் கோயில் எழுப்பியவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். சமாதியில் பெண்கள் பாட இடம் தரப்படாத காலம் அது. அவருடைய சமாதியும் எதிரிலேயே இருக்கிறது, பலர் பார்க்காமல் போகிறார்கள். தை மாத ஆராதனைக்கு வந்து பஞ்சரத்தினக் கிருதிகள் பாடும் காலையில் பந்தலில் உட்கார வேண்டுமென்றால் அது தனிப் பயணம். கிளம்புமுன் அசோகா வாங்குங்கள், சூடாக. பாசிப்பருப்பில் செய்யும் அல்வா. ஆறினால் நெய் இறுகிவிடும், ஊருக்கு எடுத்துப் போனால் இளஞ்சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

அங்கிருந்து தஞ்சாவூர் 13 கிலோமீட்டருக்குள். இந்தச் சிறு தூரத்தில் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகளைக் கடக்கிறீர்கள். பாலத்துக்கு ஒன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் எந்த மாதம் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். அணையில் நீர் இல்லாத ஆண்டில் திறப்பது தள்ளிப்போகும். பிப்ரவரி முதல் மே வரை ஐந்தும் மணல்தான். பள்ளி விடுமுறைக்காக மே மாதம் வருவதைவிட ஆடிப்பெருக்கை ஒட்டியோ, மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியிலோ வாருங்கள். அப்போது கரை தொட்டு நீர் ஓடும், வயல் பச்சையாக இருக்கும், கோயில் கல்லும் காலைச் சுடாது.